பால் நாளக் கட்டியும் ‘பாப்பிலோமா’ என்ற பெயரும்

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், துவைப்பதற்காக எடுத்த ரவிக்கையின் இடப்பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கறையைக் கண்டேன். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு இருக்கும். காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையே உள்ள எங்கள் ஊரில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்து, பதினாறு ஆண்டுகளாகப் பட்டுப்புழு வளர்த்து வருகிறோம். தழை அறுக்கும்போது பழுத்த மல்பெரிப் பழம் மேலே நசுங்கிக் கறைபடுவது எங்களுக்குப் பழக்கமானது என்பதால் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். சோப்புப் போட்டுத் தேய்க்கும்போதுதான், கறை துணியின் வெளிப்புறத்தைவிட உட்புறத்தில் அடர்த்தியாக இருப்பது கண்ணில் பட்டது.

அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். காம்பின் ஒரே ஒரு புள்ளியிலிருந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளி எழுந்து நின்றது. முதலில் நீர் போலத் தெளிந்திருந்த அந்தத் துளியை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தபோது துருப்பிடித்த நீரின் நிறம் இருந்தது. வலி இல்லை, விரலால் தடவிப் பார்த்தபோது கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. இளையவன் பால் மறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சமயத்தில் புழு, கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் இருந்தது. ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தச் சில நாள்களில்தான் தின்னும் என்பதால், இரவு பகல் பாராமல் தழை போட்டாக வேண்டும். அது முடிந்து கூடுகளைத் தருமபுரி அங்காடிக்கு அனுப்பிய கையோடு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள். பேரன் பிறந்தான். காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான் என்றாலும், அவற்றுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வலி இல்லாததுதான் என்னை அதிகம் ஏமாற்றியது.

முதலில் போனது பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்கு. அங்கே ஆண் மருத்துவர். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே, தலையைக் குனிந்துகொண்டு, “மார்பில் தண்ணி மாதிரி வருது” என்று மட்டும் சொன்னேன். ரத்தம் என்ற சொல் வாயில் வரவில்லை. அவரும் பரிசோதிக்கவில்லை, கேள்வி கேட்கவும் இல்லை. “இன்ஃபெக்‌ஷன்” என்று சொல்லி ஏழு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிற்கவில்லை என்று திரும்பப் போனபோது வேறு மாத்திரை பத்து நாளுக்கு எழுதினார். அந்தப் பதினேழு நாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீர் ஒரு பக்கமா, இரு பக்கமுமா. ஒரே துவாரத்திலிருந்தா, பலவற்றிலிருந்தா. அழுத்தினால் வருகிறதா, தானாக வந்து துணியில் படுகிறதா. பாலின் நிறமா, பச்சையா, நீரா, ரத்தமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருந்தாலே அவர் என்னை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார். ஒரு பக்கத்தில், ஒரே துவாரத்தில், தானாக, தெளிந்த நீராகவோ ரத்தமாகவோ வந்தால் உள்ளே இருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது மருத்துவத்தில் பாலபாடம் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

என்னைச் சரியான வாசலுக்குக் கொண்டு சேர்த்தவள் எங்கள் ஊரின் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே எங்கள் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுக்க வரும்போதெல்லாம் அந்தப் பெண் என்னிடமும், “அக்கா, மார்பில் கட்டி, காம்பில் நீர், ரத்தம் ஏதாவது உண்டா?” என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொல்லியிருக்கிறேன். புரட்டாசியில் அவள் கேட்டபோது, மாமியார் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, “இருக்கும்மா” என்றேன். அவள் பதறவில்லை. பேனாவை மூடிவிட்டு, “நாளைக்கே நானும் வரேன் அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கு மேடம் இருப்பாங்க” என்றாள். மறுநாள் சொன்னபடியே வந்தாள்.

சுகாதார நிலையத்துப் பெண் மருத்துவர் திரை மறைவில் பரிசோதித்துவிட்டுத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் காலை ஆறரை மணிப் பேருந்தில் போனோம். கூட்டம், வரிசை, அறை தேடி நடப்பது எல்லாம் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்த இளம் பெண் மருத்துவர் பரிசோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். காம்பைக் கடிகாரத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணியில் ஆரம்பித்து, ஒரு விரலால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு மணி இடங்களில் ஒன்றும் இல்லை. மூன்று மணி இடத்தில் அழுத்தியதும் அந்தத் துளி எழுந்தது. அதைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, இன்னொரு சில்லால் இழுத்துப் பரப்பி, பென்சிலால் என் எண்ணை எழுதினார். “இந்த ஒரு குழாயில்தான்மா ஏதோ இருக்கு. பார்த்துடலாம்” என்றார். மூன்று மாதமாக என் உடம்பு முழுவதும் பரவியிருந்த பயம் ஒரு குழாயின் அளவுக்குச் சுருங்கியது அப்போதுதான்.

மேமோகிராமில் எதுவும் தெரியவில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தி எடுக்கும் படம் அது. சில நொடிகள் வலிக்கும். அதில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பால் நாளத்துக்குள், அதாவது பால் வரும் குழாய்க்குள், இருக்கும் சிறு கட்டி மேமோகிராமில் தெரியாமல் போவது உண்டு என்று சொல்லி, ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில், காம்புக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பால் நாளம் விரிந்திருப்பதும், அதனுள் எட்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு சதைத் துணுக்கு இருப்பதும் தெரிந்தன. ரத்த ஓட்டத்தைக் காட்டும் நிறப்படத்தில் அதனுள் ஒரு சிறு ரத்தக்குழாய் போவதும் தெரிந்தது. அடுத்த வாரம் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பயாப்சி எடுத்தார்கள். காகிதங்களைச் சேர்த்துக் குத்தும் ஸ்டேப்ளர் போன்ற ஓசையுடன் ஊசி உள்ளே போய் வந்தது. நான்கு முறை. நூல் திரியைப் போன்ற வெண்மையான துணுக்குகள் ஃபார்மலின் புட்டியில் மிதந்ததை நானே பார்த்தேன்.

முடிவு வரப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். நான் இதை எழுதுவதே அந்தப் பன்னிரண்டு நாள்களுக்காகத்தான்.

ஸ்கேன் சீட்டின் கடைசி வரியில் ‘இன்ட்ராடக்டல் பாப்பிலோமா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள். அண்ணன் மகன் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடியிருக்கிறான். பாதிப் பெயரை அடித்ததுமே ‘ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்’ என்று வந்திருக்கிறது. படித்ததை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவன் தன் அம்மாவிடம் சொல்ல, அண்ணி அடுப்படியில் என் காதருகே வந்து, “இது ஒரு கிருமியால வர்றதாம். உறவால பரவுமாம். மாப்பிள்ளைகிட்ட எதுவும் கேட்டியா?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பேச்சில் எங்கள் வீட்டில் நடந்ததை எந்தக் கட்டியும் செய்திருக்க முடியாது. இருபத்தேழு ஆண்டுகள் கூட வாழ்ந்த மனிதரை நான் முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தேன். அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்; ஒன்றும் கேட்காமல், புழு மனையில் வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அதைவிடப் பேரன் விஷயம்தான் என்னை வாட்டியது. அப்போது அவனுக்கு ஐம்பது நாள்கூட ஆகவில்லை. என் மார்பிலிருந்து வரும் நீரில் வைரஸ் இருந்தால், தூக்கும்போது அவன் வாயில், கண்ணில் பட்டுவிடுமே என்று அவனைத் தூக்குவதை நிறுத்திக்கொண்டேன். எனக்கென்று தனி சோப்பு, தனித் துண்டு வைத்துக்கொண்டேன். மகள் குளிக்கப் போகும் நேரத்தில் அவன் அழுதால் தொட்டிலில் ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, வாசற்படியில் உட்கார்ந்தபடி அதை இழுத்து இழுத்து ஆட்டுவேன். நான்காம் நாள் மகள் அதைப் பார்த்துவிட்டாள். “ஏம்மா, பையனைத் தூக்கவே மாட்டேங்கிற?” என்று கேட்டாள். இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரவில் உட்கார வைத்துக் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் விலங்கியல் படித்தவள். “முடிவு வரட்டும், உன்னோடு நானும் வருகிறேன், இந்தக் கேள்வியை டாக்டரிடமே கேட்போம்” என்று சொல்லிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அப்போதும் நான் கைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பயாப்சி முடிவு வந்தது. பால் நாளத்துக்குள் வளர்ந்த பாப்பிலோமா. புற்றுநோய் உயிரணுக்கள் இல்லை. வழக்கத்துக்கு மாறான உயிரணு மாற்றமும் இல்லை. மகள் கேட்ட கேள்வியைக் கேட்டதும் அந்த இளம் மருத்துவர் வெளியே நின்ற என் கணவரையும் உள்ளே அழைத்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு நோய்க்குறியியல் துறையிலிருந்து ஒரு மூத்த பெண் மருத்துவரையும் வரவழைத்தார். அவர்கள் சொன்னதையும், பின்னர் மகளோடு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதல் குழப்பமே பெயரில்தான் இருக்கிறது. லத்தீனில் ‘பாப்பிலா’ என்றால் முலைக்காம்பு, அல்லது அதைப் போன்ற சிறு மேடு. ‘ஓமா’ என்றால் கட்டி. ரத்தக்குழாய் ஓடும் மெல்லிய தண்டைச் சுற்றி அணுக்கள் படர்ந்து, விரல் விரலாக, சிறு செடியைப் போலக் கிளைத்து வளரும், புற்றுநோய் அல்லாத கட்டிக்குப் பாப்பிலோமா என்று பெயர். அது உருவத்தை வைத்து இட்ட பெயர். தோலில் வரும் மரு, குரல்வளையில் வரும் பாப்பிலோமா போன்றவற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் கூட்டத்தை அறிவியலார் கண்டபோது, அந்தக் கட்டிகளை வைத்து வைரஸுக்குப் பாப்பிலோமா வைரஸ் என்று பெயரிட்டார்கள். ஒரே ஊர்ப் பெயரை முன்னால் வைத்திருக்கும் இருவர் உறவினராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே என்று அந்த மூத்த மருத்துவர் சொன்னார்.

அப்படியானால் வைரஸுக்கும் மார்பகத்துக்கும் தொடர்பே இல்லையா என்று மகள் கேட்டாள். அதற்கு அவர் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. மார்பகக் கட்டிகளில் வைரஸைத் தேடுவது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1936இல் ஜான் பிட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சில வகை எலிகளில் மார்பகப் புற்றுநோய்க்கான காரணி தாயின் பால் வழியே குட்டிகளுக்குப் போவதைக் கண்டார். அது வைரஸ் என்பது பின்னர் உறுதியானது. அதைக் கேட்டதும் என் அடிவயிறு கலங்கியது. ஆனால் எலியில் உறுதியான அந்த விஷயம் மனிதரில் உறுதியாகவில்லை. ஹெச்.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்லும் மனிதப் பாப்பிலோமா வைரஸைப் பொறுத்தவரை, 1992இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்த் திசுவில் அதன் 16ஆம் வகையின் டி.என்.ஏ. இருப்பதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு உலகின் பல நாடுகளில் தேடினார்கள். சிலர் கண்டதாகச் சொன்னார்கள். சிலர் எதையுமே காணவில்லை. புற்றுநோய் இல்லாத பாப்பிலோமாக் கட்டிகளிலும் இதே நிலைதான். கண்டதாகச் சொன்ன ஆய்வுகளிலும்கூட, நோயில்லாத சாதாரண மார்பகத் திசுவிலும் அது சில வேளை தென்பட்டிருக்கிறது.

இப்படி முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக வருவதற்குக் காரணத்தையும் அவர் விளக்கினார். இதற்குப் பயன்படும் பி.சி.ஆர். என்ற முறை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துணுக்கையும் பல கோடி மடங்கு நகலெடுத்துக் காட்டிவிடும். திசுவை மெழுகில் பதித்துச் சீவும் கத்தியிலோ, ஆய்வகத்தின் மேசையிலோ, காம்பின் மேல்தோலிலோ ஒட்டியிருந்த வைரஸின் துணுக்குகூட முடிவில் ‘இருக்கிறது’ என்று காட்டிவிடக்கூடும். மேலும், இந்த வைரஸ் பொதுவாக ரத்தத்தில் கலந்து பயணிப்பதில்லை. தோலிலும் சவ்விலும் தங்கிவிடும். ஆகவே அது பால் நாளத்தின் உள்ளே எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கும் நிரூபிக்கப்பட்ட விடை இல்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும் என்றார். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் 1983இல் அந்தப் புற்றில் ஹெச்.பி.வி. 16ஆம் வகையைக் கண்டார்கள். 1999இல் வெளியான ஆய்வில், பல நாடுகளிலிருந்து வந்த கருப்பை வாய்ப் புற்றுத் திசுக்களில் 99.7 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. எங்கே தேடினாலும், யார் தேடினாலும் கிடைத்தது; அது அணுவின் கட்டுப்பாட்டை எப்படிக் குலைக்கிறது என்பதும் தெரிந்தது. 2008இல் சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மார்பக விஷயத்தில் அப்படி ஒரு சீரான சான்று இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஹெச்.பி.வி.யால் வரும் புற்றுநோய்களாகக் கருப்பை வாய், ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களையெல்லாம் பட்டியலில் வைத்திருக்கிறது; மார்பகத்தை வைக்கவில்லை. மாறாக, நாளப் பாப்பிலோமாக்கள் பலவற்றில் பி.ஐ.கே.3.சி.ஏ., ஏ.கே.டி.1 என்ற மரபணுக்களில், அதாவது அணுவை வளரச் சொல்லும் அதன் சொந்தக் கட்டளையிலேயே, ஒரு மாற்றம் ஏற்பட்டிருப்பது தெரிய வந்திருக்கிறது. அது பிறவியில் வருவதும் இல்லை, பிறரிடமிருந்து தொற்றுவதும் இல்லை. அந்த ஓர் இடத்து அணுவில் வாழ்நாளில் நேரும் மாற்றம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் தொழிலில் வரும் பால் புழு நோய் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அது வைரஸால் வருவது. நோய் கண்ட புழுவின் உடல் கணுக்கள் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் கிழிந்து பால் போன்ற நீர் ஒழுகும். அந்த நீர் பட்ட தழையைத் தின்ற புழுவும் அதே விதமாகச் சாகும். இன்ன கிருமி, இன்ன நோய் என்று கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாம். ஆனால் அதே வைரஸ் மனையின் தூசியில் இருந்தும், வெப்பமும் ஈரமும் சரியாக இருந்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தால் ஒரு பேட்ச் முழுவதும் நோயில்லாமல் கூடு கட்டி முடிப்பதும் உண்டு. தூசியில் கிருமி இருப்பது வேறு, இந்தப் புழு அதனால்தான் செத்தது என்பது வேறு. மருத்துவர் சிரித்துக்கொண்டே, “நீங்களே சொல்லிட்டீங்கம்மா” என்றார்.

பிறகு என் கணவரைப் பார்த்து, இது அவரிடமிருந்து வந்ததும் இல்லை, அவருக்குப் போவதும் இல்லை என்று நேராகச் சொன்னார். பேரனைப் பற்றிக் கேட்டேன். குழந்தையைத் தூக்குவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இன்றே தூக்குங்கள் என்றார். கட்டியில் ஹெச்.பி.வி. இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமா என்று மகள் கேட்டாள். எந்த விடை வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால் யாரும் அதைச் செய்வதில்லை. அதற்கென்று தனியாரிடம் பணம் கட்டிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அந்த அறையிலிருந்து வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் தேநீர் வாங்கியபோது, என் கணவர் முதல் டம்ளரை என்னிடம் கொடுத்து, நான் பாதி குடித்து வைத்ததை எடுத்துத் தானே குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டியை எடுத்தாக வேண்டுமா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. எந்தத் தொந்தரவும் தராத, அணு மாற்றம் இல்லாத சிறு பாப்பிலோமாவை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விட்டுவைப்பதும் உண்டு. என்னைப் போல ரத்த நீர் தொடர்ந்து வருபவர்களுக்கு எடுத்துவிடுவதே நல்லது. ஊசியில் வந்த துணுக்கு முழுக் கட்டியின் கதையையும் சொல்லிவிடாது என்பதும் ஒரு காரணம். ஐப்பசி கடைசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்கம் கொடுத்த பிறகு, துளி வரும் துவாரத்தில் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அது காட்டும் வழியில், காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தில் கீறி, அந்த ஒரு நாளத்தை மட்டும் கட்டியோடு எடுப்பார்களாம். முந்தைய இரவும் அன்று காலையும் மார்பை அழுத்தி நீரை வெளியேற்றிவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீர் இருந்தால்தான் எந்தத் துவாரம் என்று தெரியும். அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். தழைக் கட்டுச் சுமக்கக் கூடாது என்றதால் ஒரு பேட்ச் புழு வைக்கவில்லை. காம்பின் ஒரு பாதியில் தொடுவுணர்ச்சி குறைந்திருக்கிறது. அது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தழும்பு, நகக்கீறல் அளவுக்குத்தான் தெரிகிறது.

முழுக் கட்டியின் முடிவும் முதலில் வந்ததைப் போலவே வந்தது. இத்தனைக்குப் பிறகும் மருத்துவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: அணு மாற்றம் இல்லாத ஒற்றைப் பாப்பிலோமா வந்தவருக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சற்றே கூடுதல், ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை; அணு மாற்றம் இருந்தாலோ, நாளங்களின் கடைக்கோடியில் பல கட்டிகளாக இருந்தாலோ அது இன்னும் கூடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை நான் போக வேண்டும். பயாப்சி எண், மெழுகில் பதித்த திசுக்கட்டியின் எண், இரண்டு முடிவுகளின் நகல்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேறு ஊரில் வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்த எண்ணைக் கொண்டு பழைய திசுவையே மறுபடி பார்க்க முடியும்.

வைரஸ் பேச்சு முழுவதும் வீணாகவில்லை. கருப்பை வாய்க்கான பரிசோதனையை நான் அதுவரை தட்டிக்கழித்து வந்திருந்தேன். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனைதான். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு எங்கள் சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குறை ஒன்றும் இல்லை. அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஹெச்.பி.வி. தடுப்பூசியை ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போடுவது நல்லது என்றும், புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற தடுப்பூசிக்கு 2022இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்துவிட்டது என்றும் மகள் அண்ணியிடம் எடுத்துச் சொன்னாள். அது கருப்பை வாய்க்கான காப்பு, மார்புக் கட்டிக்கு அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னாள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று அடுப்படியில் பேசியதற்காக அழுதார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார், மருத்துவரிடம் கேட்கும்வரை நானும் காத்திருக்கவில்லை.

தன்னார்வலர் பெண் இப்போதும் மாதாமாதம் வருகிறாள். கேள்வியைக் கேட்கும்போது நான் இடது, ஒற்றைத் துவாரம், அறுவை முடிந்தது, இப்போது நீர் இல்லை என்று முழுதாகச் சொல்கிறேன்; அவளும் எழுதிக்கொள்கிறாள். முட்டை வாங்கிய தேதி, புழு தோலுரித்துக் ‘காய்ச்சல்’ எழுந்த தேதி, கூடு எடுத்த தேதி எல்லாம் எழுதிவைக்கும் எங்கள் பேட்ச் நோட்டின் பின்னட்டையில், அடுத்த ஸ்கேனுக்கான மாதத்தையும் திசுக்கட்டியின் எண்ணையும் என் கணவர் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்.